வண்டிகளின் உள்ளங்கால்

ஐப்பசி அடைமழை வெறித்த பதினோராம் நாள் காலையில், உப்புத் தரகர் வைகுண்டத்தின் மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்கு அடியில் பிடித்திருந்த துரு அவருடைய உள்ளங்காலில் வந்து இறங்கியது. அவர் அதை முதலில் செம்மண் என்று நினைத்துத் துவைகல்லில் தேய்த்தார், அப்புறம் தூங்கும்போது மருதாணி வைத்துவிட்டாள் என்று மனைவியை முறைத்தார், அப்புறம் சேற்றுப்புண் என்று வேப்பெண்ணெய் தடவினார், எதற்கும் அது அசையாமல் இருக்கவே, சரி கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு, கழுவக் கொடுத்திருந்த வண்டியை வாங்கிவர மெக்கானிக் சூசையின் கொட்டகைக்குப் போனார். எஞ்சினின் அடியைத் துடைத்துக்கொண்டிருந்த சூசை, பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த வைகுண்டத்தின் பாதத்தைத் தற்செயலாகப் பார்த்தார், திரும்பி எஞ்சினைப் பார்த்தார், மறுபடி பாதத்தைப் பார்த்தார். ஆயில் இறக்குகிற போல்ட்டைச் சுற்றிச் செந்துரு எந்த வடிவில் படர்ந்திருந்ததோ அதே வடிவில், வலது ஓரத்தில் ஒரு சின்ன வால் நீட்டிக்கொண்டிருந்ததுகூட மாறாமல், அவர் காலிலும் படர்ந்திருந்தது.

"அண்ணாச்சி, இதச் சொரண்டிட்டு பெயிண்ட் அடிக்கணும்" என்றார் சூசை.

எதைச் சுரண்ட வேண்டும் என்று வைகுண்டம் கேட்டுக்கொள்ளவில்லை. பொங்கல் கழியட்டும் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். மார்கழி பாதியில், உப்பளத்து வரப்பில் போய்க்கொண்டிருக்கும்போது துருவேறிய போல்ட் இற்று விழுந்து, ஆயில் முழுக்க வழியெல்லாம் கோடு போட்டபடி கொட்டித் தீர்ந்து வண்டி நின்றது. வண்டியை விட்டு இறங்கின வைகுண்டமும் அந்த இடத்திலிருந்தே வற்றத் தொடங்கினார். முதலில் எச்சில் வற்றியது, பிறகு வேர்வை, பிறகு கண்ணீர். வீட்டில் படுக்க வைத்து வாயில் ஊற்றின இளநீரெல்லாம் உள்ளங்கால் வழியாகப் பாயில் இறங்கியது. மூன்றாம் நாள் அவரைத் தூக்கினவர்கள், ஒரு கூடை சுள்ளி எடை கூட இல்லை என்று பின்னால் மெதுவாகச் சொன்னார்கள்.

இது ஏன் நடக்கிறது என்று தருவைமுனையில் அதிகம் பேர் கேட்கவில்லை. மூன்று பக்கம் கடலும் ஒரு பக்கம் உப்பளமுமாகக் கிடக்கிற ஊர் அது. அங்கே ஜன்னல் கம்பி துருவும், பூட்டு துருவும், கோயில் மணியின் நாக்கு துருவும், டிராக்டர் நிற்கிற இடத்திலேயே இற்றுப்போகும். இத்தனை நாள் ஆளை விட்டு வைத்ததுதான் அதிசயம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். ஏன் என்று கேட்டவர் ஒரே ஒருவர், டவுனிலிருந்து வந்த பத்திரிகைக்காரர். அவர் நாலு பேரிடம் கேட்டு எழுதிக்கொண்டு, போகும்போது குனிந்து தன் வண்டியின் அடியைப் பார்த்தார், பிறகு ஓரமாகப் போய்ச் செருப்பைக் கழற்றித் தன் காலைப் பார்த்தார், அதோடு சரி, எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி வரவில்லை.

ஏன் என்று கேட்கவில்லையே தவிர, எப்படி என்று ஊர் சீக்கிரமே கற்றுக்கொண்டது. பயம் நல்ல வாத்தியார் இல்லை, ஆனால் வேகமாகச் சொல்லிக் கொடுக்கும். துரு, வண்டி யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காது, யார் ஓட்டுகிறார்களோ அவர்கள் காலுக்குத்தான் வரும் என்று கண்டுபிடித்தார்கள். பின்னால் உட்கார்ந்து போகிறவர்களுக்குக் குதிகாலில் கொஞ்சம் வரும், அது தேய்த்தால் போய்விடும் என்று கண்டுபிடித்தார்கள். எஞ்சினைக் கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டினால் கால் அரிக்கும், பெயிண்ட் அடித்தால் கால் குளிரும், ஆயில் மாற்றும்போது மட்டும் ஆள் பாயில் படுத்துக்கொள்ள வேண்டும், பழையது இறங்கிப் புதியது ஏறும்வரை நாக்கு வறண்டு கண் செருகும், பக்கத்தில் இருக்கிறவர்கள் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று கண்டுபிடித்தார்கள். வண்டியை விற்றால் தப்பிக்கலாம் என்று நினைத்த இசக்கிமுத்து அதைத் திருநெல்வேலியில் தள்ளிவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கினார். வாங்கினவன் வண்டியை வாசலில் போட்டு ஓட்டாமலே வைத்திருந்தான் போலிருக்கிறது, அங்கே மழை பெய்யும்போதெல்லாம் இங்கே இசக்கிமுத்துவின் கால் ஈரமானது. பிறகு அவர் தன் வண்டியைத் தேடிப் புறப்பட்டுப் போய், ஊர் ஊராகக் கல்யாண மண்டபத்து வாசலிலும் சினிமா கொட்டகை வாசலிலும் குனிந்து குனிந்து எஞ்சின் அடியைப் பார்த்துக்கொண்டு திரிவதாகப் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். வண்டியே வேண்டாம், நடந்து போகலாம் என்றால் உப்பளம் ஆறு கிலோமீட்டர், பஸ் காலையில் ஒன்று மாலையில் ஒன்று.

ஊர் கற்றுக்கொண்டவற்றில் ஒன்று மட்டும் தப்பு. வைகுண்டத்தின் காலை முதலில் பார்த்தவர் சூசை. அதற்கடுத்த வாரம் ஏழு பேர் காலில் துரு இறங்கியதே, அந்த ஏழு பேர் வண்டியையும் பார்த்தவர் சூசை. அதனால் அவர் பார்த்தால்தான் வருகிறது என்று யாரோ ஒரு வாய் சொல்ல, ஒன்பது காது கேட்டது. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அவரிடம் வண்டி விடுவதை மட்டும் நிறுத்தினார்கள், டீக்கடையில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் உட்காருவதை நிறுத்தினார்கள், எதிரில் வந்தால் பாதத்தைச் சேலைக்குள்ளும் வேட்டிக்குள்ளும் இழுத்துக்கொண்டார்கள். தை பிறப்பதற்குள் சூசை தன் ஸ்பானர்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு துறைமுக ரோட்டில் ஒரு லாரி பட்டறைக்கு வேலைக்குப் போய்விட்டார்.

அவர் இடத்துக்கு வந்தவள்தான் செல்லக்கனி. அவள் தானாக வரவில்லை, ஊர்தான் அவளைக் கொண்டுவந்து உட்கார வைத்தது. உப்பளத்து ஓரத்தில் உப்பு பொறுக்குகிற கொட்டகை ஒன்று உண்டு. குவித்துப் போட்ட உப்பில் மண் துணுக்கு, பழுப்பேறின கல், சிப்பி உடைசல், கம்பித் தூசி எதுவும் இல்லாமல் கையால் பொறுக்கித் தள்ளி, வெள்ளையை மட்டும் விடுகிற வேலை. செல்லக்கனி அந்த வேலையில் பத்தொன்பது வருஷம். ஒரு குவியலை ஒரு தடவை கையால் பரத்தினால் போதும், அதில் கடுகளவு செம்மண் இருந்தாலும் அவள் கண்ணில் பட்டுவிடும். சூப்பர்வைசர்கள் மூன்று பேர் மாறினார்கள், அவள் பார்த்த குவியலை மறுபடி பார்க்கச் சொன்னவர் ஒருவரும் இல்லை. இப்படி ஒரு கண் ஊரில் இருக்கும்போது சூசை எதற்கு என்று எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியது.

அதிலிருந்து தருவைமுனையில் பொழுது வேறு மாதிரி விடிந்தது. வாசல் தெளிப்பதற்கு முன்னால் வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றிப் பக்கத்தில் பாய் விரிப்பார்கள். ஆண்கள் பாயில் மல்லாந்து படுத்து டார்ச்சும் முகம் பார்க்கிற கண்ணாடியுமாக எஞ்சின் அடியைத் துழாவ, பெண்கள் அவர்கள் உள்ளங்காலை மடியில் வைத்துப் பார்ப்பார்கள். எஞ்சினில் கல் அடிக்காமல் இருக்கக் கீழே மாட்டியிருக்கிற தகட்டைக் கழற்றி, அதற்கும் எஞ்சினுக்கும் நடுவில் அப்பியிருக்கிற ஈரச் சேற்றை ஈர்க்குச்சியால் நோண்டி எடுப்பார்கள். அளத்திலிருந்து வந்த வண்டி சூடு ஆறினதும் நல்ல தண்ணீரால் கழுவி, துணியால் ஒற்றி, போல்ட் தலைகளில் கொஞ்சம் கிரீஸ் தொட்டு வைப்பார்கள். லாரியில் வருகிற குடிதண்ணீரில் முதல் குடம் வண்டிக்கு, இரண்டாம் குடம்தான் உலைக்கு. இவ்வளவும் முடிந்தபிறகு, கொட்டகைக்குப் போகிற வழியில் செல்லக்கனி தெருவோடு வருவாள். ஒவ்வொரு வாசலிலும் குனிந்து எஞ்சினைப் பார்ப்பாள், நிமிர்ந்து காலைப் பார்ப்பாள். சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தால் விரலால் தொட்டுக் காட்டுவாள், உடனே சுரண்டி, பளபளவென்று உலோகம் தெரிந்தபிறகு பிரைமரும் பெயிண்ட்டும் போட வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் "சுத்தம்" என்பாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டபிறகுதான் அந்த வீட்டில் அடுப்பு பற்றும்.

பெண் பார்க்க வந்தவர்களை "செல்லக்கனி பாத்தாச்சா" என்று கேட்டார்கள். மாப்பிள்ளைப் பையன்கள் நகை நட்டு பேசுவதற்கு முன்னால் எஞ்சினைக் காட்டினார்கள். தை, மாசி, பங்குனி என்று மூன்று மாதம் ஒருவர்கூட வற்றவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் பெருமை இல்லாமல் இல்லை. தெருவில் நடக்கும்போது வயசானவர்கள்கூட எழுந்து நின்றதை அவள் வேண்டாம் என்று ஒருநாளும் சொல்லவில்லை.

ஊரில் எல்லோரையும்விடப் பத்திரமானவன் அவள் புருஷன் லிங்கதுரைதான் என்று ஊரே நம்பியது. அவன் அளத்தில் பாத்திகளுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மோட்டார் ஓட்டுகிறவன். விடிந்ததும் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, உப்புத் தண்ணீர் தேங்கின வரப்பில் வண்டியை விட்டுக்கொண்டு போய்வர வேண்டும். அவன் காலை அவள் தினமும் இரண்டு தடவை பார்ப்பாள்.

"கல்யாணத்துல ஒரு நாள் நான் ஒங் காலப் புடிச்சேன். இப்ப தெனம் ரெண்டு நேரமும் நீ எங்காலப் புடிக்க" என்பான் லிங்கதுரை.

"அசங்காம இருங்க. பேசுனா ஆடுது."

"ஆடுனா என்ன, துரு கீழயா விழுந்துரும்?"

"சுத்தம். எந்திரிங்க."

பங்குனி கடைசியிலிருந்து அவனுக்குத் தாகம் எடுத்தது. சோறு உண்ணும்போது ஒரு செம்பு, எழுந்ததும் ஒரு செம்பு, வெளியே கிளம்பும்போது இன்னொன்று. உதடு தோல் உரிந்தது. பேசும்போது வார்த்தைக்கு நடுவில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்டது. சித்திரை வெயில் யாரைத்தான் விட்டது என்று சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அவளுக்குள் ஒரு பயம் வந்து உட்கார்ந்துவிட்டது, அது வேறு எங்கும் போகவில்லை. அவன் காலை மடியில் வைத்துக்கொண்டு விரல் இடுக்கு, குதி, நடுப்பள்ளம் என்று அங்குலம் அங்குலமாகத் தேடுவாள். பிறகு வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துத் தேடுவாள். எங்கேயும் சிவப்பு இல்லை. நடுப்பாதத்தில் சாம்பல் தூவினதுபோல வெள்ளையாகப் பூத்திருந்தது, அவ்வளவுதான். அளத்துக்காரன் காலில் உப்பு பூக்காமல் வேறு எது பூக்கும். எஞ்சின் அடியிலும் அதேபோலத்தான் பூத்திருந்தது. அந்த ஊரில் சுவரில் உப்பு பூக்கும், கொடியில் காய்கிற சட்டையில் பூக்கும், மத்தியானம் தூங்கி எழுந்தால் இமையில் பூத்திருக்கும். பத்தொன்பது வருஷமாக வெள்ளை அல்லாததைத் தேடித் தேடித் தள்ளின அவள் கண், வெள்ளையைக் கண்டதும் ஓய்ந்து மேலே போய்விடும். சுத்தம் என்று அவள்தான் சொன்னாள், மனசாரத்தான் சொன்னாள்.

சித்திரை பதினேழாம் நாள் மத்தியானம் லிங்கதுரை அளத்திலிருந்து பாதியிலேயே திரும்பி வந்தான். வண்டியை நிறுத்தி ஸ்டாண்ட் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டான். கொட்டகையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்திருந்த செல்லக்கனி ஓடிப் போய்த் தொட்டாள். அப்பேர்ப்பட்ட வெயிலில் வந்தவன் உடம்பில் ஒரு சொட்டு வேர்வை இல்லை.

"என்னங்க செய்யுது?"

"ஒண்ணுமில்லளா. அழுதா கண்ணீர் வருதான்னு பாக்கணும்போல இருக்கு" என்றான். சிரிக்கத்தான் பார்த்தான், உதடு வெடித்துவிடும் என்று பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அவள் அவன் காலை இழுத்து மடியில் போட்டு ஈரத்துணியால் துடைத்தாள். வெள்ளை போகவில்லை. துணியை நனைத்து மறுபடி அழுத்தித் துடைத்தாள், போகவில்லை. உப்பு தண்ணீரில் கரையாமல் எங்கே போகும் என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது, அதைத் தினமும் காலையில் நினைத்திருக்க வேண்டும் என்றும் கூடவே தோன்றியது. நகத்தால் கொஞ்சம் சுரண்டி நாக்கில் வைத்தாள். பிறந்ததிலிருந்து உப்பைத் தின்று, உப்பை மூச்சாக இழுத்து, உப்பின் தரத்தை நாக்கு நுனியில் சொல்லத் தெரிந்தவள் அவள். அது கரிக்கவில்லை. சிலேட்டுக் குச்சியைக் கடித்ததுபோல எந்தச் சுவையும் இல்லாமல் இருந்தது. தவழ்ந்து போய் எஞ்சின் அடியில் பூத்திருந்ததை வழித்து நாக்கில் வைத்தாள், அதுவும் கரிக்கவில்லை. 

பக்கத்து வீட்டு ரூபாவதியைக் கூப்பிட்டு அவனுக்கு வாயை நனைத்துக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, மீன் ஏற்றிப் போன ஒரு வேனில் தொற்றிக்கொண்டு துறைமுக ரோட்டுப் பட்டறைக்குப் போனாள். சூசை ஒரு லாரிக்கு அடியில் கிடந்தார், கால் மட்டும் வெளியே தெரிந்தது. அந்தக் காலைப் பார்த்துத்தான் அவள் பேசினாள், முகத்தைப் பார்த்திருந்தால் பேச வந்திருக்காது.

"சூசையண்ணே, வெள்ளையா பூத்திருக்கு. கரிக்க மாட்டேங்குது."

லாரிக்கு அடியில் ஸ்பானரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு சூசை ஊர்ந்து வெளியே வந்தார்.

"எங்க? எஞ்சின்லயா, கால்லயா?"

"ரெண்டுலயுந்தான்."

"இரும்புதான் தங்கச்சி செவக்கும். போல்ட்டு, சைலன்சர், ஸ்டாண்டு எல்லாம் இரும்பு. எஞ்சின் கூடு அலுமினியம்லா, அது வெளுக்கும். உப்பு பட்டா பவுடரா பூத்து உள்ளுக்குள்ள தின்னுட்டே போவும். செவந்தத விட வெளுத்ததுக்குத்தான் பயப்படணும்."

"இத நீங்க ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"யார்ட்ட சொல்ல? நான் பாத்தாத்தான் வருதுன்னீயள்லா."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அவளுக்குக் கன்னத்தில் அறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அந்தச் சொல்லை அவள் வாயால் சொன்னதில்லை, உண்மைதான், ஆனால் அது பொய் என்று சொன்னால் ஊர் கேட்கக்கூடிய ஒரே ஆள் அவளாக இருந்தும் சொல்லாமல் அவருடைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். சூசை ஒரு பையில் இரண்டு சாமானை அள்ளிப் போட்டுக்கொண்டு, அவளோடு ஆட்டோவில் ஏறினார்.

வீட்டு வாசலில் லிங்கதுரையை வண்டிக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். சூசை அவன் பாதத்தைத் தொடாமல் குனிந்து பார்த்தார். பிறகு வண்டியின் கீழ்த்தகட்டை ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி மெதுவாக இறக்கிவிட்டு, அடியில் படுத்து டார்ச் அடித்தார். வேப்பங்குச்சி ஒன்றின் நுனியை மென்று பஞ்சுபோல ஆக்கி, அதால் அந்த வெள்ளையைத் தொட்டார். அது மாவாக உதிர்ந்தது. உதிர உதிர உள்ளே பள்ளம் தெரிந்தது, பள்ளத்துக்குள் இன்னொரு பள்ளம் தெரிந்தது. லிங்கதுரை பாயில் கிடந்தபடி காலை இழுத்துக்கொண்டான்.

"வலிக்காங்க?" என்று கேட்டாள் செல்லக்கனி.

"வலிக்கல. காத்து போற மாரி இருக்கு" என்றான்.

சூசை குச்சியை எடுத்துவிட்டார். எடுத்த இடத்தில் கறுப்பாக ஒரு பொட்டு தெரிந்தது, அந்தப் பொட்டு உப்பியது, கடுகளவு துளையிலிருந்து முதல் சொட்டு ஆயில் கீழே விழுந்தது. அதே நேரம் லிங்கதுரையின் நடுப்பாதத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் பாயில் விழுந்தது. அவன் கண் செருகியது.

"விரல வையி தங்கச்சி. கட்டவெரல. அழுத்தாத, சும்மா மூடு" என்று சூசை மளமளவென்று சொன்னார். செல்லக்கனி ஒருக்களித்து வண்டிக்கு அடியில் நுழைந்து மல்லாந்து, பெருவிரலை அந்தத் துளையின் மேல் வைத்தாள். சொட்டு நின்றது. பாயில் சொட்டினதும் நின்றது. விரலுக்கு அடியில் உலோகம் அப்பளம்போல இருந்தது, கொஞ்சம் தெரியாமல் அழுத்தினால் உள்ளே போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"துணி, சோப்பு எதயாவது வச்சு அடைக்கப்படாதா அண்ணே?"

"இப்ப எத வச்சு அமுக்குனாலும் ஒடஞ்சு பெருசா போயிரும். விரல்தான் மெத்துனு இருக்கு. வண்டிய ஆட்டவும் கூடாது, சாச்சோம்னா மொத்தமும் வாய் பொளந்துரும். அலுமினியத்துல ஒட்டுற பசை ஒண்ணு டவுன்ல கெடைக்கும். ஒரு மணி நேரத்துல வந்துருவேன். அதுவரைக்கும் அசங்காத."

"வந்துருவியள்லா?"

சூசை அவளைப் பார்த்தார். "வந்துருவேன்" என்றார். ஆட்டோ போகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

சூசை ஊருக்குள் வந்துவிட்டுப் போனது ஐந்து நிமிஷத்தில் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. முதலில் கோபமாகத்தான் வந்தார்கள். அவனை யார் கூப்பிட்டது, மூணு மாசமா ஒரு உயிர் போகலயே, அது பொறுக்கலியா என்று தெருவிலிருந்தே பேசிக்கொண்டு வந்தவர்கள், வாசலில் லிங்கதுரை கிடக்கிற கிடையையும், வண்டிக்கு அடியில் தங்கள் செல்லக்கனி மல்லாந்து கிடப்பதையும் பார்த்து ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். செல்லக்கனிக்குக் கீழே கிடந்த இடத்திலிருந்து அவர்களுடைய முகம் தெரியவில்லை. கால்கள் மட்டும் தெரிந்தன. செருப்போடும் செருப்பில்லாமலும், அளத்திலிருந்து அப்படியே வந்தவையும் அடுப்படியிலிருந்து வந்தவையும், வரிசைக்குப் பின்னால் வரிசையாக வந்து நின்றுகொண்டே இருந்தன. எல்லாக் காலையும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. எல்லாக் காலையும் அன்று காலையில்தான் பார்த்து, சுத்தம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"மயினி, என்ன ஆச்சு? சூசை என்ன செஞ்சான்?" என்று ஒரு குரல் கேட்டது.

இதைச் சொல்லாமல் இருந்துவிடலாம், ஒரு மணி நேரம் கழித்துச் சூசையே வந்து சொல்லட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததற்கே அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. விரல் நடுங்கிவிடக் கூடாது என்பதற்காக மூச்சை மெதுவாக இழுத்துவிட்டாள்.

"சூசையண்ணன் ஒண்ணுஞ் செய்யல. நாந்தான் செஞ்சேன். நான் செவப்ப மட்டுந்தான் பாத்தேன். வெள்ளைய உப்புன்னு நெனச்சு விட்டுட்டேன். எஞ்சின் கூடு வெள்ளையாத்தான் துருவுமாம். இவுகளுக்கு அப்படித்தான் தின்னுருக்கு, நான் தெனம் ரெண்டு நேரமும் பாத்தும் தின்னுருக்கு."

ரூபாவதியின் கால் அவள் முகத்துக்குக் கிட்டத்தில் இருந்தது, மெட்டி போட்ட விரல் தரையைப் பற்றுவது தெரிந்தது.

"அக்கா, காலைல எங்க வீட்டுக்காரர் கால்ல வெள்ளையா இருந்துச்சே. நீங்க பாத்துட்டுச் சுத்தம்னு சொன்னீங்களே."

"சொன்னேன் ரூபா. அது உப்பா என்னான்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது." பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "என்னால எந்திரிச்சு வந்து பாக்க முடியாது. நீங்களே பாத்துக்கிடுங்க. வெள்ளையா இருந்தா கொஞ்சம் சொரண்டி நாக்குல வையிங்க. கரிச்சா உப்பு. கரிக்கலன்னா வண்டிய எடுக்காதிய, தொடாதிய, சூசையண்ணன் வர்ற வரைக்கும் அப்படியே இருங்க."

செருப்புகள் கழன்றன. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள் போலிருக்கிறது, அவளுக்குத் தெரிந்த கால்களில் பாதி மெதுவாகத் தரையை விட்டு மேலே போயிற்று. மீதிப் பாதி, ஒவ்வொருவருக்கும் ஒரு காலாக, புழுதியில் ஊன்றி நின்றது. நகத்தால் தோலைச் சுரண்டுகிற சத்தம் அந்த வெயிலில் அங்கங்கே கேட்டது, பிறகு அதுவும் நின்றது. விரலுக்கு அடியில் ஆயில் வெதுவெதுப்பாக முட்டிக்கொண்டிருந்தது. பாயிலிருந்து லிங்கதுரையின் மூச்சு, வறண்ட ஓலையை இழுப்பதுபோல, வந்து வந்து போனது.

"ஏளா" என்றான் அவன், கண்ணைத் திறக்காமல். "என்ன ஒரு சத்தத்தையும் காணோம்?"

"பேசாதீங்க. பாத்துட்டிருக்காக."

கரிக்குது என்று யாராவது ஒருவர் சொல்ல மாட்டார்களா, ஒரே ஒரு வாயாவது சொல்லாதா என்று செல்லக்கனி காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். தூக்கின கால்கள் ஒவ்வொன்றாக இறங்கித் தரையில் பதிந்தன. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, ஒருவரும் அங்கிருந்து போகவும் இல்லை.